கார்டு பைண்டர் வாங்கும்போது: சேமிக்க ஒன்று, மாற்றிக்கொள்ள ஒன்று

போக்கிமான், மேஜிக், யூ-கி-ஓ, ஒன் பீஸ் என எந்த விளையாட்டின் கார்டுகளைச் சேர்ப்பவராக இருந்தாலும், சேகரிப்பு ஓர் அளவைத் தாண்டியதும், பாக்கெட் வைத்த தாள்கள் கொண்ட கார்டு ஆல்பமான பைண்டர் வாங்க வேண்டிய நிலை வந்துவிடும். அப்போது பெரும்பாலோர் மேலட்டையில் உள்ள படத்தையும் விலையையும் மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். வாங்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு: இந்தப் பைண்டரை யார் திறக்கப்போகிறார்கள்? எப்போதாவது நீங்கள் மட்டும் திறந்து பார்க்கும் பைண்டருக்கும், முன்பின் அறியாதவர்கள் வாரந்தோறும் புரட்டப்போகும் பைண்டருக்கும் தேவைகள் வேறு வேறானவை. சில இடங்களில் அவை நேரெதிரானவை. ஒரே பைண்டரை இரண்டுக்கும் பயன்படுத்தினால், கொடுக்க விரும்பாத கார்டை ஒவ்வொருவரும் கேட்பார்கள், கொடுக்க வைத்திருக்கும் கார்டுகள் யார் கண்ணிலும் படாமல் நடுவில் மறைந்து கிடக்கும். எனவே, கையில் இருக்கும் பணத்தில் விலையுயர்ந்த பைண்டர் ஒன்று வாங்குவதைவிட, நடுத்தர விலையில் இரண்டு வாங்குவதே நல்லது என்பது என் கருத்து.

உள்தாள் எந்தப் பிளாஸ்டிக்?

இரண்டு வகைக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. ஆண்டுக்கணக்கில் கார்டைத் தொட்டுக்கொண்டிருப்பது உள்தாளின் பிளாஸ்டிக்தான். மேலட்டை எவ்வளவு உறுதியாக இருந்தாலும் உள்தாள் மோசமானால் பயனில்லை. கார்டுகளுக்கு ஏற்றவை பாலிப்ரொப்பிலீன், பாலிஎத்திலீன், பாலியெஸ்டர் ஆகிய மூன்றும். இன்று கடைகளில் கிடைக்கும் நல்ல பைண்டர்களில் பெரும்பாலானவை பாலிப்ரொப்பிலீனால் ஆனவை. தவிர்க்க வேண்டியது மென்மையான பி.வி.சி. இயல்பில் விறைப்பான பி.வி.சி.யை வளையச் செய்வதற்காக அதில் மென்மையாக்கும் வேதிப்பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. அவை காலப்போக்கில் வெளியே கசிந்து, தாளைப் பிசுபிசுப்பாக்கி, கார்டின் மேற்பரப்பில் எண்ணெய் தடவியதுபோன்ற மங்கலை ஏற்படுத்தும். பி.வி.சி. சிதையும்போது ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியும் வெளிப்படும். 1980களிலும் 90களிலும் வாங்கிய பழைய விளையாட்டு கார்டு ஆல்பங்களைத் திறக்கும்போது தாளோடு கார்டும் ஒட்டிக்கொண்டு வருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

உறையில் 'பி.வி.சி. இல்லாதது' என்று அச்சிட்டிருந்தால் நல்லது. 'ஆசிட் இல்லாதது' என்று மட்டும் போட்டிருந்தால் அதை முழுமையாக நம்ப வேண்டாம்; அந்தச் சொல் காகிதத்துக்குத்தான் பொருள் தரும், பிளாஸ்டிக்கைப் பொறுத்தவரை அது எந்தப் பிளாஸ்டிக் என்பதே முக்கியம். எதுவும் அச்சிடப்படாத தாள் என்றால் முதலில் முகர்ந்து பாருங்கள். புதிய மழைக்கோட்டைப் பிரித்ததும் வரும் அந்த நெடி அடித்தால் அதை வைத்துவிடலாம். வீட்டிலேயே செய்யக்கூடிய இன்னொரு சோதனையும் உண்டு. தாளின் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, ஒரு சொட்டு பாத்திரம் தேய்க்கும் திரவம் கலந்த தண்ணீரில் விரலால் முழுவதும் அமுக்கிவிட்டு விடுங்கள். பாலிப்ரொப்பிலீன் தண்ணீரைவிட இலேசானது என்பதால் மேலே எழுந்து மிதக்கும், பி.வி.சி. அடியில் தங்கிவிடும். பாலியெஸ்டரும் மூழ்கும் என்றாலும் அதைக் கையாலேயே அடையாளம் காணலாம்: அது விறைப்பாகவும், கசக்கினால் சடசடவென்று ஒலிப்பதாகவும் இருக்கும், மென்மையான பி.வி.சி. துவண்டு, விரலில் ஒட்டுவதுபோல் வரும். செம்புக் கம்பியைச் சூடாக்கிப் பச்சைச் சுடர் வருகிறதா என்று பார்க்கும் சோதனையும் உண்டு. அதில் நச்சு ஆவி வெளிவரும் என்பதால் வீட்டில் செய்ய வேண்டாம்.

ஸ்டேஷனரி கடையில் மலிவாகக் கிடைக்கும் பொருள்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பிளாஸ்டிக் மேல்தாளைத் தூக்கிப் படத்தை வைத்து ஒட்டும் பழைய பாணிப் புகைப்பட ஆல்பம் கார்டுகளுக்கு எமன். அதன் பசை சில ஆண்டுகளில் கார்டின் பின்புறத்தோடு ஒன்றாகிவிடும். விசிட்டிங் கார்டு ஆல்பத்தில் அளவே பொருந்தாது.

வளையமா, தைத்ததா?

பைண்டர்களில் இரண்டு குடும்பங்கள் உண்டு. ஒன்று வளையம் வைத்தது. துளையிட்ட தாள்களைத் தனியாக வாங்கிச் சேர்க்கலாம், எடுக்கலாம், வரிசையை மாற்றலாம். மற்றது தாள்கள் முதுகோடு சேர்த்தே தைக்கப்பட்டோ ஒட்டப்பட்டோ வருவது. இதில் தாள்களின் எண்ணிக்கையைக் கூட்டவும் குறைக்கவும் முடியாது. ஜிப் வைத்த பைண்டர்கள் பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

வளைய பைண்டரின் கெடுதல் அனைவரும் அறிந்ததே என்றாலும், அதைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. வட்ட வளையம் வைத்த பைண்டரை நிறைய நிரப்பி மூடினால், முதுகை ஒட்டிய முதல் வரிசைக் கார்டுகள் வளையத்தின் வளைவின்மேல் ஏறி அமர்ந்துகொள்ளும். அந்தக் கார்டை வெளியே எடுத்து விளக்கடியில் சாய்த்துப் பிடித்தால், இடது அல்லது வலது ஓரத்தில் பிறை வடிவில் ஒரு மெல்லிய பள்ளம் தெரியும். நேராகப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. வாங்க வருபவர் கார்டைச் சாய்த்துத்தான் பார்ப்பார். அதற்குப் பிறகு அவர் சொல்லும் விலை வேறாக இருக்கும். வளையம்தான் வேண்டும் என்றால் டி எழுத்தின் வடிவில், ஒரு பக்கம் நேராக இருக்கும் வளையத்தைத் தேர்ந்தெடுங்கள். அதில் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று சமமாக அமரும், வளைவில் ஏறாது. அப்போதும் முழுக்க நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டுவைக்க வேண்டும்.

எண் வரிசையில் ஒரு தொகுப்பை முழுமையாக்க முயல்பவருக்கு வளையம் வசதியானது என்பதை மறுக்க முடியாது, ஏனெனில் நடுவில் ஒரு தாள் சேர்க்க வேண்டி வந்தால் மற்ற நூறு கார்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்குத் தைத்த பைண்டரே போதும். வெளியே எடுத்துச் செல்வதற்கோ தைத்த பைண்டர்தான், அதுவும் ஜிப் வைத்தது.

பாக்கெட்டின் வாயும் அளவும்

போக்கிமான், மேஜிக், ஒன் பீஸ் கார்டுகளின் அளவு 63 மி.மீ. அகலமும் 88 மி.மீ. உயரமும். யூ-கி-ஓ கார்டு சற்றுச் சிறியது: 59க்கு 86. பைண்டர் தாள்கள் பெரிய அளவுக்கு ஏற்பவே செய்யப்படுகின்றன என்பதால், யூ-கி-ஓ கார்டை ஸ்லீவ் எனப்படும் மெல்லிய பிளாஸ்டிக் உறை இல்லாமல் வைத்தால் பாக்கெட்டுக்குள் ஆடிக்கொண்டிருக்கும், ஓரங்கள் தேயும். உண்மையில் எந்தக் கார்டையும் ஸ்லீவ் போடாமல் பைண்டரில் வைக்கக் கூடாது. பாக்கெட்டில் நுழைக்கும்போதும் எடுக்கும்போதும்தான் மூலைகள் வெளுக்கின்றன. தாளுக்குள் சும்மா இருக்கும்போது அல்ல.

ஸ்லீவ் போட்டால் அளவு கூடும். சாதாரண ஸ்லீவ் சுமார் 66க்கு 91 மி.மீ. இருக்கும். சிலர் கார்டோடு ஒட்டிய மெல்லிய உள் ஸ்லீவ் ஒன்றும், அதன்மேல் சாதாரண ஸ்லீவ் ஒன்றுமாக இரட்டை ஸ்லீவ் போடுவார்கள். அகலம் பெரிதாக மாறாவிட்டாலும் தடிமன் கூடும். எனவே கடைக்குப் போகும்போது நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் ஸ்லீவில் மதிப்பில்லாத ஒரு கார்டைப் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அதைப் பாக்கெட்டில் நுழைத்துப் பாருங்கள். இரண்டு விரலால் இலேசாகத் தள்ளியதும் உள்ளே போக வேண்டும். ஸ்லீவின் மூலை மடங்கினாலோ, உள்ளே போன கார்டு நடுவில் சற்று மேடாக வளைந்து நின்றாலோ அந்தப் பாக்கெட் இறுக்கமானது. அடுத்து, தாளைத் தலைகீழாகப் பிடித்து ஒருமுறை உதறுங்கள். கார்டு வெளியே எட்டிப் பார்த்தால் அது தளர்வானது. பலர் இந்த இரண்டாவது சோதனையைச் செய்வதே இல்லை.

பாக்கெட்டின் வாய் எந்தப் பக்கம் திறக்கிறது என்பதும் முக்கியம். மேலே திறப்பவை பழைய முறை. பைண்டர் கவிழ்ந்தால் கார்டுகள் நழுவும், மேல்வழியாகத் தூசியும் இறங்கும். பக்கவாட்டில் திறப்பவை இப்போது பரவலாகிவிட்டன. அவற்றிலும் வாய் முதுகை நோக்கி இருக்கும் தாளே சிறந்தது, ஏனெனில் மூடிய நிலையில் கார்டு நழுவி வெளியே வருவதற்கு வழியே இருக்காது. வாய்ப்பகுதி நேராக வெட்டப்படாமல் சற்றுச் சாய்வாகவோ குழிவாகவோ வெட்டப்பட்டிருந்தால் விரலால் பிடித்து எடுப்பதற்கு வசதி.

பிளாஸ்டிக்கின் முகம் பளபளப்பாக இருக்க வேண்டுமா, மங்கலாக இருக்க வேண்டுமா என்பது சுவை சார்ந்தது என்று சொல்வார்கள். சேமிக்கும் பைண்டருக்கு அது சரி. மாற்றிக்கொள்ளும் பைண்டருக்குத் தெளிவான முகமே வேண்டும். மங்கலான தாள் கீறல்களை மறைக்கிறது, பார்ப்பவருக்குச் சந்தேகம் வருகிறது.

சேமிக்கும் பைண்டர்

ஒன்பது பாக்கெட் தாளே இங்கே வழக்கம். இருபுறமும் பாக்கெட் உள்ள 20 தாள்கள் கொண்ட பைண்டரில் 360 கார்டுகள் அடங்கும். ஒரு கார்டின் எடை ஏறத்தாழ 1.8 கிராம் என்று கொண்டால் கார்டுகள் மட்டுமே 650 கிராம் அளவுக்கு வந்துவிடும். ஸ்லீவும் தாளும் அட்டையும் சேர்ந்தால் கையில் வைத்துப் புரட்டக்கூடிய பொருளாக அது இருக்காது. வீட்டில் மேசைமேல் வைத்துப் பார்ப்பதற்கு அது ஒரு குறையும் அல்ல.

வாங்கும் முன் கணக்குப் போட்டுவிடுங்கள். 1999இல் ஆங்கிலத்தில் வெளிவந்த போக்கிமானின் முதல் தொகுப்பில் 102 கார்டுகள். ஒன்பதால் வகுத்தால் 11 பக்கங்கள் நிறைந்து, மூன்று கார்டுகள் பன்னிரண்டாம் பக்கத்துக்குப் போகும். 2023இல் வந்த '151' தொகுப்பில் இரகசிய எண்களையும் (தொகுப்பின் அச்சிட்ட எண்ணிக்கையைத் தாண்டிய எண் கொண்ட அரிய கார்டுகள்) சேர்த்து 207 கார்டுகள். அது சரியாக 23 பக்கங்கள். அதே கார்டின் ரிவர்ஸ் ஹோலோ (படத்தைச் சுற்றியுள்ள பகுதி மின்னும்) பதிப்புகளையும் சேர்க்கத் தொடங்கினால் பக்கங்கள் மளமளவென்று பெருகும். இன்னும் கிடைக்காத கார்டுக்கு உரிய பாக்கெட்டைக் காலியாக விட்டுவைப்பதா, நெருக்கி அடுக்குவதா என்பதையும் முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். காலியாக விடுவதுதான் நல்லது. பிறகு இருநூறு கார்டுகளை இடம் மாற்றும்போது ஏற்படும் தேய்மானம், பைண்டரில் கிடந்து ஏற்படும் தேய்மானத்தைவிட அதிகம்.

விளையாடுவதற்காகச் சேர்ப்பவர் வேறு கணக்குப் பார்க்கலாம். மேஜிக்கிலும் போக்கிமானிலும் பொதுவாக ஒரே பெயருள்ள கார்டை டெக்கில், அதாவது விளையாடும் கார்டுக் கட்டில், நான்கு வரை வைத்துக்கொள்ளலாம்; யூ-கி-ஓவில் மூன்று. ஆகவே முதல் இரண்டுக்கும் ஒரு வரிசைக்கு நான்கு பாக்கெட் வீதம் உள்ள பன்னிரண்டு பாக்கெட் தாளும், யூ-கி-ஓவுக்கு ஒன்பது பாக்கெட் தாளும் இயல்பாகவே பொருந்துகின்றன. ஒரு கார்டின் எல்லாப் பிரதிகளும் ஒரே வரிசையில் நிற்கும். எது குறைகிறது என்பது பார்த்த உடனே தெரியும்.

எல்லாவற்றையும் பைண்டரில் போட வேண்டியதில்லை. கடையில் வாங்கிய புதிய கார்டுப் பொட்டலங்களைப் பிரிக்கும்போது குவியும் சாதாரண கார்டுகளுக்கு அட்டைப்பெட்டியே போதும். மிகவும் விலைமதிப்புள்ள கார்டுகளும் பைண்டரைவிட டாப் லோடர் எனப்படும் விறைப்பான உறையில் பாதுகாப்பாக இருக்கும். அதற்கென்றே பெரிய பாக்கெட் உள்ள பைண்டர்களும் வந்துவிட்டன. டாப் லோடர் பெரும்பாலும் விறைப்பான பி.வி.சி.யால் செய்யப்படுகிறது. மென்மையாக்கி சேராத வகை என்பதால் முன்னே சொன்ன அளவுக்கு அச்சமில்லை, ஆனாலும் கார்டை ஸ்லீவில் போட்ட பிறகே அதில் நுழைக்க வேண்டும்.

மாற்றிக்கொள்ளும் பைண்டர்

இங்கே பாதுகாப்பைவிட வேகமே முக்கியம் என்று சொன்னால் சிலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒரு போட்டியின் இரண்டு சுற்றுகளுக்கு இடையே கிடைக்கும் சில நிமிடங்களில்தான் பெரும்பாலான மாற்றங்கள் நடக்கின்றன. எதிரில் இருப்பவர் உங்கள் பைண்டரைத் திறந்து, புரட்டி, மூன்று கார்டுகளைக் கேட்டு, அவற்றை வெளியே எடுத்து, முன்னும் பின்னும் பார்த்து, விலை பேசி முடிக்க வேண்டும். 360 கார்டுகள் உள்ள பெரிய பைண்டரை நீட்டினால், பத்தாம் தாளுக்கு மேல் அவருடைய கண் சலித்துவிடும்; பின்னால் இருக்கும் நல்ல கார்டுகளை அவர் பார்க்கவே மாட்டார். நான்கு பாக்கெட் தாள்கள் கொண்ட சிறிய பைண்டரைப் பலர் சிறுவர்களுக்கானது என்று ஒதுக்குகிறார்கள். 20 தாள்கள் என்றால் 160 கார்டுகள் பிடிக்கும், நின்றுகொண்டே ஒரு கையில் வைத்துப் புரட்டலாம், சாதாரணப் பையில் அடங்கும். மாற்றிக்கொள்வதற்கு நான் முதலில் பரிந்துரைப்பது அதைத்தான். மேசை வசதி உள்ள கடையில் தொடர்ந்து விளையாடுபவர் மட்டும் ஒன்பது பாக்கெட் பைண்டரை எடுத்துச் செல்லலாம்.

தாளின் நடுவில் கறுப்புத் தடுப்பு உள்ள பைண்டர்களில் படங்கள் எடுப்பாகத் தெரியும், ஆனால் கார்டின் பின்புறத்தைப் பார்க்க முடியாது. வாங்குபவர் முதலில் தேடுவதோ பின்புற ஓரங்களில் உள்ள வெண்மையைத்தான். அதனால் ஒவ்வொரு கார்டையும் வெளியே எடுக்க வேண்டி வரும், ஒவ்வொரு முறையும் மூலை உரசும். முழுக்கத் தெளிவான தாளில் பாக்கெட்டுக்கு ஒரு கார்டு மட்டும் வைத்தால், தாளைத் திருப்பியதும் பின்புறம் தெரிந்துவிடும். கொள்ளளவு பாதியாகும் என்பது உண்மை. மாற்றுவதற்கென்று வைத்திருக்கும் பைண்டரில் அது இழப்பாகாது.

இந்தப் பைண்டரில் கொடுக்க விருப்பமில்லாத கார்டு ஒன்றுகூட இருக்கக் கூடாது. 'அது மட்டும் கொடுக்கமாட்டேன்' என்று நான்கு முறை சொன்னால் எதிரில் இருப்பவர் மரியாதையாக மூடித் தந்துவிட்டுப் போய்விடுவார். கடைசி இரண்டு தாள்களைக் காலியாக விட்டுவையுங்கள்: கேட்கப்பட்ட கார்டுகளைப் பேச்சு முடியும்வரை அங்கே ஒதுக்கிவைக்கலாம், மாற்றி வாங்கியதை அங்கேயே வைக்கலாம். ஸ்லீவின்மேல் விலை ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம். விலை மாறிக்கொண்டே இருக்கும், அமெரிக்காவில் டி.சி.ஜி. பிளேயர் தளத்தையும் ஐரோப்பாவில் கார்டுமார்க்கெட் தளத்தையும் பார்ப்பது வழக்கம், இரண்டிலும் விலை ஒன்றாக இருக்காது. இருவரும் எந்தத் தளத்தின் விலையைக் கொள்வது என்பதைப் பேச்சைத் தொடங்கும்போதே ஒப்புக்கொள்ளுங்கள்.

வேறொருவரின் பைண்டரைப் பார்க்கும்போது, கார்டை எடுக்கும் முன் 'எடுத்துப் பார்க்கலாமா?' என்று கேட்பது முறை. உங்கள் பைண்டர் கைமாறியிருக்கும் நேரத்தில் உங்கள் கண் அதன்மேலேயே இருக்கட்டும். ஒரே நேரத்தில் இரண்டு பேரிடம் இரண்டு பைண்டர்களைக் கொடுக்காதீர்கள். கூட்டமான இடங்களில் பைண்டர் திருடு போவது புதிதல்ல. கிளம்பும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் ஃபோனில் படம் எடுத்துவைத்தால், ஏதேனும் தொலைந்தால் என்னென்ன இருந்தன என்று உறுதியாகச் சொல்ல முடியும். வெறும் எலாஸ்டிக் பட்டை வைத்த பைண்டர் பைக்குள் திறந்துகொள்ளும் என்பதால் இதற்கு ஜிப்தான் பொருத்தம். ஜிப்பின் உலோகப் பற்கள் உள்பக்கமாக நீட்டிக்கொண்டு தாளைத் தொடுகின்றனவா என்று மூடிப் பாருங்கள். நல்ல பைண்டரில் தாளின் ஓரத்துக்கும் ஜிப்புக்கும் இடையே விரற்கடை அளவாவது இடைவெளி இருக்கும்.

எங்கே வைப்பது

சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்குக் காற்றின் ஈரமே பெரிய எதிரி. ஃபாயில் எனப்படும் மின்னும் கார்டின் முகப்பில் உள்ள படலம் ஈரத்தை உறிஞ்சாது. அதன் பின்னால் உள்ள காகிதம் உறிஞ்சி விரியும். ஆகவே ஈரம் மிகுந்தால் படமுள்ள பக்கம் குழிந்து கார்டு கிண்ணமாக வளையும். மிகவும் வறண்டால் எதிர்ப்பக்கமாக வளையும். பைண்டரின் பாக்கெட் இந்த வளைவை அமுக்கிப் பிடிக்குமே தவிர தடுக்காது. மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் பைண்டரை வைத்து, உடன் சிலிகா ஜெல் பொட்டலங்களையும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிறிய ஈரமானியையும் வையுங்கள். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருந்தால் போதுமானது. ஜெல்லைக் கொட்டி மிகையாக உலர்த்த வேண்டாம்.

இரும்பு பீரோவில் வைப்பவர்கள், அங்கே துணிகளுக்காகப் போட்டிருக்கும் அந்துருண்டைகளை எடுத்துவிட வேண்டும். அவற்றின் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளகச் செய்யும். காகிதத்தைத் தின்னும் ராமபாணப் பூச்சிக்கு மூடிய பெட்டியும் ஈரமின்மையும்தான் மருந்து. வெயிலில் நிறுத்திய காருக்குள் பைண்டரை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

பைண்டர்களைப் புத்தகம்போல் நிமிர்த்தி, சாய்ந்துவிடாதபடி நெருக்கமாக அடுக்குங்கள். ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால் அடியில் இருப்பதன்மேல் மொத்த எடையும் இறங்கும். பாதி மட்டும் நிரம்பிய பைண்டரை நிமிர்த்தினால் தாள்கள் தொய்ந்து வளையும் என்பதால், அது நிரம்பும்வரை மேலே எதுவும் வைக்காமல் படுக்கவைத்திருக்கலாம். ஆண்டுக்கொருமுறை எல்லாத் தாள்களையும் புரட்டி, பாக்கெட்டின் ஒட்டுத் தையல் பிரிந்திருக்கிறதா, பிளாஸ்டிக் மங்கியோ ஒட்டும் தன்மையுடனோ இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒரே ஒரு தாளில் அப்படித் தெரிந்தாலும், அன்றே கார்டுகளை எடுத்துப் புதிய ஸ்லீவில் போட்டு வேறு பைண்டருக்கு மாற்றிவிடுங்கள். பழைய ஸ்லீவ்களை மறுபடி பயன்படுத்த வேண்டாம்.